தோட்டமில்லாத் தோட்டங்கள்

ஈழத்துத் தமிழிலே ‘தோட்டம்’ என்னும் சொல் சுமந்துநிற்கும் பொருள்கள் பலவாகும். வீட்டு வளவிலே மிளகாயும் கத்தரியும் வெண்டியும் நிற்கும் துண்டு நிலம் தோட்டம். யாழ்ப்பாணத்துச் செம்பாட்டு மண்ணிலே கிணற்று நீர் இறைத்து வெங்காயமும் புகையிலையும் விளைவிக்கும் நிலமும் தோட்டமே. மலையகத்திலே தேயிலை போர்த்த மலைச்சரிவும், அதன் நடுவே நிற்கும் லயன் காம்பராக்களும், மேலே நின்று அவற்றைப் பார்க்கும் துரையின் பங்களாவும் சேர்ந்து தோட்டம் எனப்படும். கொழும்பிலோ இச்சொல் மேலும் இரு பொருள்களைப் பெற்றுள்ளது. தூதராலயங்களும் செல்வர் மாளிகைகளும் நிறைந்த கொழும்பு 7 ‘கறுவாத்தோட்டம்’ ஆகும். வனாத்தமுல்லை, மாளிகாவத்தை, கிராண்ட்பாஸ், மட்டக்குளி முதலிய பகுதிகளிலே பொதுக் குழாயையும் பொது மலகூடத்தையும் நம்பிச் சுவரோடு சுவர் ஒட்டி ஏழை மக்கள் வாழும் குடியிருப்பும் ‘தோட்டம்’ என்றே வழங்கும். சிங்களத்திலே அதற்குப் பெயர் ‘வத்த’. அதன் பொருளும் தோட்டந்தான்.

இப்பொருள்களை அருகருகே வைத்து நோக்குவோர்க்கு ஓர் உண்மை புலப்படும். காட்டிலே உரிக்கப்பட்டு வந்த கறுவாவை 1769 அளவிலே மருதானைப் பகுதியிலே ஒல்லாந்தர் பயிராக நாட்டினர். அப்பட்டை கப்பலேறிற்று. மலைநாட்டுத் தோட்டத்திலே பிரித்தானியர் முதலிற் கோப்பியையும் பின்னர் தேயிலையையும் நாட்டினர். அவையும் கப்பலேறின. அக்கப்பல்களிலே சரக்கேற்றியும் இறக்கியும் வாழ்ந்த துறைமுகத் தொழிலாளர், புறக்கோட்டையின் நாட்டாமைகள், வீதி துப்புரவாக்குவோர் ஆகியோரைக் குறைந்த செலவிலே குடியிருத்துவதற்கே கொழும்பின் மூன்றாவது வகைத் தோட்டம் எழுந்தது. ஆக, தலைநகரையும் அதற்குச் செல்வம் ஈட்டித்தந்த மலைநாட்டையும் பொறுத்தவரை, தோட்டம் என்பது அங்கு வாழ்வோரின் சோற்றுக்குக் கறி தரும் நிலமாக ஒருபோதும் கருதப்படவில்லை. கொழும்பிலே புதிய மரக்கறி கிடைப்பது ஏன் அரிதாயிற்று, ஏன் விலையேறிற்று என்னும் வினாவுக்கு விடை தேடுவோர் இவ்வரலாற்றிலிருந்தே தொடங்குதல் வேண்டும். அவ்விடை மக்களின் சோம்பலில் இல்லை, நிலவுரிமையில் உள்ளது.

ஆனால், சோம்பலே காரணம் என்று உபதேசம் செய்யும் மரபு இந்நாட்டிலே நெடுங்காலமாக வேரூன்றியுள்ளது. நெருக்கடி தோன்றும்போதெல்லாம் ஆட்சியாளர் மேடையேறி மண்வெட்டியைக் கையிலேந்திப் படம் பிடித்துக்கொள்வது வழக்கமாகிவிட்டது. 1970களின் நடுப்பகுதியிலே உலகச் சந்தையில் உணவு விலை உயர்ந்தபோது ‘பயிர்ச்செய்கைப் போர்’ முழக்கப்பட்டது. 2011 இலே ‘திவிநெகும’ என்ற பெயரிலே 10 இலட்சம் வீட்டுத்தோட்டங்கள் வாக்களிக்கப்பட்டன. 2020 இலே கொள்ளைநோய் வந்தபோது ‘சௌபாக்கியா’ என்ற பெயரிலே மீண்டும் அதே 10 இலட்சம் வாக்களிக்கப்பட்டது. பெயர்கள் மாறின, விதைப் பொதிகளின் மேலிருந்த படங்கள் மாறின. விதையை எங்கே ஊன்றுவது என்னும் வினா மட்டும் கேட்கப்படவேயில்லை.

2022 ஆம் ஆண்டிலே இக்கேலிக்கூத்து உச்சத்தை அடைந்தது. அதற்கு முந்திய ஆண்டின் மே மாதத்திலே இரசாயன உர இறக்குமதி முன்னாயத்தமின்றித் தடைசெய்யப்பட்டிருந்தது. நவம்பரிலே தடை தளர்த்தப்பட்டபோது விவசாயியின் முதுகெலும்பு முறிந்துவிட்டது. தொடர்ந்து அந்நியச் செலாவணி வற்றிற்று. எரிபொருள் வரிசைகள் நீண்டன. 2022 செப்டெம்பரிலே கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 வீதத்தைத் தொட்டது. ஓராண்டின் முன் 100 ரூபாவுக்கு வாங்கிய உணவுக்கு ஏறத்தாழ 195 ரூபா கொடுக்க வேண்டியதாயிற்று. இந்நிலையிலே அமைச்சரவை கண்ட பரிகாரங்களுள் ஒன்று யாது? அவ்வாண்டு ஜூனிலே, அரசாங்க ஊழியர் வீட்டிலே பயிர்செய்யும் பொருட்டு மூன்று மாதங்களுக்கு வெள்ளிக்கிழமைகளிலே விடுமுறை பெற வழிசெய்யப்பட்டது. வளவும் கிணறும் உடைய உத்தியோகத்தருக்கு அது பயன்பட்டிருக்கலாம். நாட்கூலி பெறும் நாட்டாமைக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை என்பது ஒருநாட் பட்டினியன்றி வேறில்லை. அவருக்குக் காலம் கொடுத்தாலும் நிலம் இல்லை; நிலம் கொடுப்பதற்கோ எவரும் முன்வரவில்லை.

நிலம் இல்லை என்பது எத்தகைய இன்மை என்பதையும் தெளிவாக விளங்கிக்கொள்ள வேண்டும். 1973 ஆம் ஆண்டின் வீட்டுச் சொத்து உச்சவரம்புச் சட்டம் தோட்டக் குடியிருப்புகள் பலவற்றை நிலச்சொந்தக்காரரின் கையிலிருந்து விடுவித்தது. அது மதிக்கத்தக்க சீர்திருத்தமே. ஆயினும், குடியிருப்போருக்குக் கிட்டியது தலைக்குமேற் கூரையின் பாதுகாப்பு மட்டுமே. காலுக்குக்கீழ் மண் கிட்டவில்லை. அதன் பின்னர் நிகழ்ந்தது அதனினும் பாதகமானது. 2010 இலே நகர அபிவிருத்தி அதிகாரசபை பாதுகாப்பு அமைச்சின்கீழ்க் கொண்டுவரப்பட்டது. கொழும்பின் ஏழைக் குடியிருப்புகளிலே வாழ்ந்த 60,000க்கும் மேற்பட்ட குடும்பங்களை மாடிகளிலே ஏற்றி, அவர்கள் இருந்த நிலத்தை முதலீட்டுக்காக ‘விடுவிப்பது’ திட்டமாயிற்று. தெமட்டகொடையிலும் வனாத்தமுல்லையிலும் எழுந்த மாடிகளிலே ஒரு குடும்பத்துக்குரிய வீடு ஏறத்தாழ 400 சதுர அடி. பழைய குடிசையின் வாசலிலே பெயின்ற் வாளியொன்றில் நின்ற கறிவேப்பிலைக் கன்றுக்கும், சுவரோரத்திலே தானாக முளைத்த பப்பாசிக்கும் அங்கே இடமில்லை. மாடியிலே குடியேற்றப்பட்டவரிடம் ‘வீட்டுத்தோட்டம் செய்க’ என்று கூறுவது, காலை முறித்துவிட்டு ஓட்டப்பந்தயத்துக்கு அழைப்பதை ஒத்ததாகும்.

இத்தகையோர் உண்ணும் மரக்கறி எங்கிருந்து வருகிறது என்பதை அடுத்து நோக்கலாம். நுவரெலியாவின் கரட்டும் லீக்சும், வெலிமடையின் போஞ்சியும் கோவாவும், உலர்வலயத்தின் கத்தரியும் பூசணியும் பல கைகள் மாறியே கொழும்பை அடைகின்றன. 1999 இலே தொடங்கப்பட்ட தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையம் ஒரு பெருஞ்சந்தி. புறக்கோட்டையிலிருந்து 2021 இலே பேலியகொடைக்கு மாற்றப்பட்ட மனிங் சந்தை மற்றொன்று. தோட்டக்காரன், சேகரிப்போன், தரகுக் கடைக்காரன், மொத்த வியாபாரி, சில்லறை வியாபாரி என நீளும் இச்சங்கிலியிலே சாக்குகளில் அடைத்து நசுக்கப்பட்டு அழியும் மரக்கறியும் பழமும், விளைச்சலின் 30 தொடக்கம் 40 வீதம் வரை என மதிப்பிடப்பட்டு வந்துள்ளது. அவ்வழிவின் விலையை ஒரு முனையிலே விவசாயியும் மறுமுனையிலே நுகர்வோனும் செலுத்துகின்றனர். இடையில் நிற்போர் செலுத்துவதில்லை. எஞ்சி வருவதிலே நல்லன வசதி படைத்தோரின் கடைகளுக்குப் போகின்றன. வாடியவை மாலை வேளையிலே ‘கூறு’ வைத்து விற்கப்படுகின்றன. அக்கூறுகளே தோட்டவாசியின் இராச்சாப்பாட்டுக் கறியாகின்றன. சந்தையிலே மூட்டை சுமப்பவனே அம்மூட்டையின் அடியில் நசுங்கியதை உண்ணவேண்டியுள்ளமை இச்சமுதாய அமைப்பின் செம்மையான சித்திரமாகும்.

மறுபுறத்திலே நடுத்தர, உயர் வகுப்பினரிடையே ‘இயற்கை உணவு’ என்பது அண்மைக்கால நாகரிகமாகியுள்ளது. வார இறுதிகளிலே மோட்டார் வண்டியிற் சென்று, நஞ்சு கலவாத வல்லாரைக் கட்டொன்றைப் பன்மடங்கு விலைகொடுத்து வாங்கி வருதல் பண்பாட்டின் அடையாளமாகக் கருதப்படுகிறது. நஞ்சற்ற உணவை நாடுவதிலே தவறில்லை. அது சிலருக்கு மட்டும் உரிய ஆடம்பரப் பொருளாகி, ஏனையோர்க்கு எட்டாதிருப்பதே தவறு. வல்லாரையும் பொன்னாங்காணியும் முருங்கையும் அகத்தியும் எக்காலத்திலும் ஏழையின் வேலியோரத்து உணவுகளாகவே இருந்தன. வேலியை ஏழையிடமிருந்து பறித்துவிட்டு, வேலியோரத்துக் கீரையைக் கடையிலே காட்சிக்கு வைத்துள்ளது நகரம்.

கொழும்பு இவ்வாறு அமைந்தது தவிர்க்கமுடியாத விதியன்று என்பதற்கும் சான்றுகள் உள. 1921 இலே ஸ்கொத்லாந்து அறிஞர் பற்றிக் கெடிஸ் கொழும்பின் நகரத் திட்டம் பற்றி அறிக்கை எழுதினார். கொழும்பைக் கீழைத்தேயத்தின் பூங்கா நகராக்கும் கனவு அதிலே பேசப்பட்டது. பூங்கா நகர் என்னும் எண்ணத்துக்கு மூலவர் எபனேசர் ஹவாட் என்னும் ஆங்கிலேயர். 1898 இலே அவர் வெளியிட்ட திட்டத்திலே மொத்த நிலம் 6,000 ஏக்கர். அதிலே நகருக்கு 1,000 ஏக்கர். எஞ்சிய 5,000 ஏக்கரும் அந்நகரைச் சூழ்ந்து நின்று அதற்கு உணவளிக்கும் விவசாய நிலம். அவர் கருதிய தோட்டம் பூந்தோட்டம் மட்டுமன்று, உணவுத் தோட்டமுமாகும். கொழும்பின் மேல்மட்டத்தினர் அத்திட்டத்திலிருந்து நிழல்மரச் சாலைகளையும் பங்களாக்களின் புற்றரைகளையும் எடுத்துக்கொண்டனர், கீரைப்பாத்தியைக் கைவிட்டனர். ‘பூங்கா’ என்ற மொழிபெயர்ப்பும் அவர்களுக்கு வசதியாகவே அமைந்தது.

இதனினும் கூர்மையான சான்று அளவைச் சொல்லொன்றிலே மறைந்து கிடக்கிறது. இந்நாட்டிலே காணி வாங்குவோரும் விற்போரும் ‘பேர்ச்’ கணக்கிலே பேசுகின்றனர். அது பிரித்தானியர் கொண்டுவந்த அளவை. ஏக்கரில் 160இல் ஒரு பங்கு. பிரித்தானியாவிலே 1908 ஆம் ஆண்டின் சிறுநிலங்கள், பங்குத்தோட்டங்கள் பற்றிய சட்டம், தொழிலாளர் உணவுப்பயிர் செய்வதற்கான துண்டு நிலங்களுக்குக் கேள்வி இருப்பின் அவற்றை வழங்கும் கடமையை உள்ளூராட்சிச் சபைகள்மேற் சுமத்திற்று. வாக்காளர் அறுவர் ஒன்றுகூடி எழுத்திற் கேட்டாலே அக்கோரிக்கையைச் சபை கவனத்துக்கு எடுத்தல் வேண்டும். அத்தகைய துண்டு நிலத்துக்கு வழக்கமான அளவு 10 பேர்ச். யாழ்ப்பாணத்தார் கணக்கிலே ஒரு பரப்பு. இரண்டாம் உலகப் போர்க்காலத்திலே இத்துண்டு நிலங்கள் ஏறத்தாழ 14 இலட்சமாகப் பெருகி மக்களுக்கு மரக்கறி தந்தன. அதே பிரித்தானிய ஆட்சி இலங்கையிலே செய்தது யாது? உறுதி காட்டமுடியாத காணிகளை முடிக்குரியனவாகக் கருதும் வகையிலே 1840 இலே 12ஆம் இலக்கச் சட்டத்தை இயற்றிப் பெருந்தோட்ட முதலாளிகளுக்கு வழிதிறந்துவிட்டது. தன் நாட்டுத் தொழிலாளிக்கு 10 பேர்ச் நிலத்தைக் கேட்கும் உரிமையை அளித்த ஆட்சி, இங்கே ‘பேர்ச்’ என்ற சொல்லை மட்டுமே விட்டுச்சென்றது. சுதந்திரம் பெற்று முக்கால் நூற்றாண்டு கடந்தும் அவ்வுரிமையைச் சட்டப்புத்தகத்திலே எழுத எந்த ஆட்சியும் முனையவில்லை.

மேனாட்டு உதாரணம் வறிய நாட்டுக்குப் பொருந்தாது எனக் கூறுவோர் ஹவானா நகரை நோக்குவாராக. 1991 இலே சோவியத் ஒன்றியம் சிதைந்தபோது, கியூபாவுக்கு வந்துகொண்டிருந்த எண்ணெயும் உரமும் நின்றுபோயின. கிராமத்திலிருந்து நகருக்கு உணவு கொண்டுவர வண்டியுமில்லை; எரிபொருளுமில்லை. அந்நிலையிலே ஹவானாவின் வெறுங்காணிகள் பயிர்செய்ய விரும்பியோருக்கு வாடகையின்றி அனுபவ உரிமையோடு வழங்கப்பட்டன. மண் கெட்டிருந்த இடங்களிலும் சீமெந்துத் தரைகளிலும் சுவர்கட்டி, கூட்டெருவும் மண்ணும் நிரப்பி, உயர்பாத்திகள் அமைக்கப்பட்டன. காலையிலே பிடுங்கிய கீரை பாத்தியருகிலேயே அயலவர்க்கு விற்கப்பட்டது. 1997 இலே அலமார் என்னுமிடத்திலே தொடங்கிய கூட்டுறவுத் தோட்டம் உலகறிந்ததாயிற்று. இதனால் கியூபாவின் உணவுப் பிரச்சினை முழுவதும் தீர்ந்துவிட்டது எனக் கூறுதல் பொய்யாகும். அந்நாடு இன்றும் தன் உணவிலே பெரும்பகுதியை இறக்குமதி செய்தே வாழ்கிறது. நகரத் தோட்டம் அரிசி தராது, கோதுமை தராது. ஆனால், வாடாத கீரையைத் தரும். நெடுந்தூரப் பயணத்தைத் தாங்கமாட்டாத உணவு அது ஒன்றே. நகரத்துக்குள் விளையவேண்டியதும் அதுவே.

இக்கோரிக்கைக்கு எதிராக மூன்று வாதங்கள் எழுப்பப்படுவதுண்டு. கறுவாத்தோட்டத்திலே ஒரு பேர்ச் நிலம் ஒரு கோடி ரூபாவுக்கு மேல் விலைபோகையிலே அத்தகைய நகரில் கீரை நடுவது மூடத்தனம் என்பது முதலாவது. நிலத்தின் பெறுமதியை விற்பனை விலை ஒன்றினாலே அளப்போரின் வாதம் இது. அவ்வளவுகோலின்படி விளையாட்டு மைதானமும் சுடலையும் கோயில் வீதியும்கூட மூடத்தனமே. கோல்ப் விளையாட்டுக்கென நகர் நடுவே விரிந்த புற்றரை இருப்பதை மூடத்தனம் என எவரும் கூறாதபோது, கீரைப்பாத்தி மட்டும் அப்பெயர் பெறுவது ஏன்? வர்க்க நோக்கே இங்கு கணக்கு வாத்தியாராக வேடமிட்டுள்ளது.

இரண்டாவது வாதம் கனமானது. கொழும்பின் மண்ணும் நீரும் மாசடைந்துள்ளன என்பர். உண்மை. கொலன்னாவை, வெல்லம்பிட்டி முதலான தாழ்நிலங்களிலே விளையும் கங்குங் முதலிய கீரைகளிலே பார உலோகங்கள் காணப்பட்டமையை ஆய்வுகள் வெளிப்படுத்தியுள்ளன. ஆனால், அந்நீரை மாசாக்கியவர் கங்குங் நடுவோர் அல்லர். கழிவுநீர்க் குழாயைக் கால்வாய்க்குத் திருப்பிய தொழிற்சாலைகளும், அதைத் தடுக்காத நிருவாகமுமே பொறுப்பாளிகள். 2018 இலே ராம்சர் சமவாயத்தின்கீழ் ‘ஈரநில நகர்’ என்னும் அங்கீகாரத்தைக் கொழும்பு பெற்றது. அப்பட்டத்தைச் சுவரிலே மாட்டிய நகரம், அந்த ஈரநிலத்தின் கீரையை அச்சமின்றி உண்ணக்கூடியதாக்கும் கடமையையும் ஏற்கவேண்டாமா? அதுவரை, சோதித்த மண்ணும் கூட்டெருவும் இட்ட உயர்பாத்திகள் இடர் நீக்கும் வழியாகும்.

கூட்டெருவுக்கோ பஞ்சமில்லை. 2017 ஏப்ரல் 14ஆந் திகதி, புத்தாண்டு நாளன்று, மீதொட்டமுல்லையிலே கொழும்பின் குப்பை மலை சரிந்து 30க்கும் மேற்பட்ட உயிர்களைப் புதைத்தது. இந்நகரக் குப்பையிலே பாதிக்கு மேற்பட்டது உக்கக்கூடிய உணவுக் கழிவாகும். நுவரெலியாவின் மண்வளம் மரக்கறியாக இறங்கிவந்து, நகரத்தாரின் கழிவாகி, மண்ணுக்கு மீளாது, ஏழைகளின் வீட்டுக் கொல்லையிலே மலையாகக் குவிந்து, இறுதியில் அவர்கள்மேலேயே சரிந்தது. நகரமும் கிராமமும் பிளவுண்டால் மண்ணிலிருந்து எடுத்தது மண்ணுக்குத் திரும்பாது என்பதை 1867 இலே ‘மூலதனம்’ நூலின் முதற்பாகத்திலே மார்க்ஸ் சுட்டிக்காட்டினார். அக்கோட்பாட்டுக்கு மீதொட்டமுல்லையைவிடக் கொடிய விளக்கவுரை தேவையில்லை.

நகரத்தார் தாமே பயிரிட்டால் மலையகத்தினதும் வடக்கினதும் விவசாயி சந்தையை இழப்பான் என்பது மூன்றாவது வாதம். விவசாயியின் நண்பர் போலப் பேசும் இவ்வாதம் பெரும்பாலும் இடைத்தரகர் நலனையே காப்பதாகும். கரட்டும் உருளைக்கிழங்கும் வெங்காயமும் கொழும்பில் விளையப்போவதில்லை. அவற்றுக்கான சந்தை குன்றாது. மேலும், தேயிலைத் தொழிலாளிக்கு நிலம் மறுக்கும் அமைப்பும் கொழும்புத் தோட்டவாசிக்கு நிலம் மறுக்கும் அமைப்பும் ஒன்றே. லயத்தின் பின்புறத்துப் பாத்தியிலே கோவா நட்ட தொழிலாளிக்கு அப்பாத்தி எந்நாளும் சொந்தமாகவில்லை. வீட்டுத்திட்டத்திலே அவருக்கு 7 பேர்ச் காணி என்ற வாக்குறுதி வருவதற்கே ஒன்றரை நூற்றாண்டு சென்றது. இவ்விரு தோட்டத்தாரும் பகைவர் அல்லர். ஒரே வழக்கின் இரு வாதிகள்.

எனவே, இனிக் கேட்கப்படவேண்டியது விதைப் பொதியன்று. ஏறத்தாழ 37 சதுர கிலோமீற்றர் பரப்புடைய இம்மாநகரிலே பயன்படுத்தப்படாது கிடக்கும் அரச காணிகள், மாநகரசபைக் காணிகள் யாவற்றையும் நிரற்படுத்தி மக்கள் பார்வைக்கு வைத்தல் வேண்டும். அவற்றுட் தகுந்தவற்றைத் தோட்டவாசிகளுக்கும் மாடிவாசிகளுக்கும், ஒரு குடும்பத்துக்கு ஓரிரு பேர்ச்சாயினும், எழுத்து மூலமான நீண்டகால அனுபவ உரிமையோடு பகிர்ந்தளித்தல் வேண்டும். நாளை வெளியேற்றப்படலாம் என அஞ்சுபவர் கீரை நடுவார்; முருங்கை நடமாட்டார். ஏழைகளுக்கெனக் கட்டப்படும் எந்த மாடித்தொகுதியும் பயிர்செய்யும் நிலமின்றிக் கட்டப்படலாகாது. பேலியகொடைச் சந்தையின் கழிவு தரம்பிரிக்கப்பட்டுக் கூட்டெருவாகி அந்நிலங்களுக்குச் செல்லுதல் வேண்டும். வாக்காளர் அறுவர் எழுதிக் கேட்டாற் சபை பதில் கூறியே ஆகவேண்டும் என்ற விதி இங்கும் சட்டமாதல் வேண்டும். இவற்றுள் எதுவும் புரட்சியன்று. முடியாட்சி நடக்கும் ஒரு நாடு நூற்றாண்டுக்கு முன்னரே செய்து காட்டியவை இவை. ‘சோசலிச’ என்னும் சொல்லைத் தன் பெயரிலேயே தாங்கிநிற்கும் ஒரு குடியரசுக்கு இவை பாரமாகத் தோன்றின், அது வெட்கப்படத்தக்கது.

கலைப்பீட மாணவர்க்கும் இதிலே பங்குண்டு. ஐந்திணையைப் படித்து, மருதத்தின் வளத்தைப் பரீட்சைத் தாளிலே விரித்தெழுதும் இளந்தலைமுறை, தான் நாள்தோறும் உண்ணும் கீரை எந்நிலத்தில் விளைந்தது, அந்நிலம் யாருடையது என்று வினவாதிருத்தல் கல்விக்கு அழகன்று. ஏழைகளின் சோம்பலைப் பற்றி மேடையிலே பேசுவோரைக் கைதட்டி வரவேற்கும் வழக்கத்தை முதலிற் கைவிடுதல் நன்று. சட்டத்தையும் காணி வரலாற்றையும் மொழியையும் கற்றவர்கள் அறுவர் ஒன்றுகூடி முதற் கோரிக்கைக் கடிதத்தை எழுதுவது அத்துணை அரிய செயலன்று.

கறுவாவுக்கும் தேயிலைக்கும் கூலி உழைப்புக்கும் பெயராகி நின்ற ‘தோட்டம்’ என்னும் சொல், அங்கு வாழும் மனிதரின் உணவுக்கும் பெயராக வேண்டும். அதற்கு வேண்டியது விதையன்று, உபதேசமுமன்று. நிலமே வேண்டும்.